கேட்டதும் சொன்னதும்: மரம் நட்டவருக்கு ஏன் அமைதிப் பரிசு?

சென்ற இதழில், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் சுவரில் மாணவர்கள் வரைந்திருந்த ஓர் ஆப்பிரிக்கப் பெண்மணியின் படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். தலையில் பூப்போட்ட துணி, கையில் ஒரு மரக்கன்று, கீழே 'வங்காரி மாத்தாய், 1940–2011' என்ற எழுத்து. படத்தில் இருந்தவை அவ்வளவுதான். பக்கம் பக்கமாக நான் எழுதிய விஷயங்களுக்குக்கூட வராத கடிதங்கள் அந்த இரண்டு வரிக்கு வந்து குவிந்துவிட்டன. ஆகவே, வழக்கமான கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை பகுதி முழுவதையும், கென்யாவில் மரம் நட்டு 2004ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்ற அந்த அம்மையாருக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: படத்தில் இருக்கும் அம்மையார் பெரிய இடத்துப் பிள்ளையா, எங்களைப் போன்றவரா? அமெரிக்காவில் படித்தவர் என்று பேரன் சொல்கிறான். படித்தவர்களுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? (பால்வெட்டி ஓய்வுபெற்ற வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, கேள்வியின் முதற்பாதிக்கு விடை, அவர் உங்கள் லயத்துப் பிள்ளை என்பதுதான். 1940 ஏப்ரல் 1 அன்று, கென்யாவின் நடுமேட்டு நிலத்தில் நியேரி நகருக்கு அருகிலுள்ள இஹிதே என்னும் சிற்றூரில், கிகூயூ இனத்து உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். நாட்டின் நல்ல நிலங்களை வெள்ளைக் குடியேறிகள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய தந்தை ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நக்கூரு நகரை அடுத்த ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில், வண்டி ஓட்டவும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளவும் வேலைக்கு இருந்தார். குடும்பமும் அந்தப் பண்ணை நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தது. நிலம் துரையுடையது, உழைப்பு இவர்களுடையது, குடியிருப்பு வேலை இருக்கும் வரைதான். இந்த ஏற்பாட்டைத் தோட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பண்ணையில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே 1947ஆம் ஆண்டில் தாய் பிள்ளைகளோடு சொந்த ஊருக்குத் திரும்பினார். ஆண் பிள்ளைகள் மட்டும் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த வீட்டில், 'வங்காரி மட்டும் ஏன் பள்ளிக்குப் போகவில்லை?' என்று ஒருநாள் அண்ணன் கேட்க, போகக்கூடாது என்பதற்குத் தாயிடம் காரணம் எதுவும் இல்லாமற்போனது. அந்த ஒரு கேள்வியில்தான் பின்னால் நடந்தவை எல்லாம் தொடங்கின. பதினோரு வயதில் கன்னிமாடத்துச் சகோதரிகள் நடத்திய விடுதிப்பள்ளி, பிறகு லிமுருவில் உயர்நிலைப்பள்ளி, 1960ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான கென்ய மாணவர்களோடு அமெரிக்கப் பயணம் என்று படிப்பு தொடர்ந்தது. கன்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்றில் உயிரியல் பட்டம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை, திரும்பி வந்த பின் 1971ஆம் ஆண்டில் நைரோபியில் விலங்கு மருத்துவ உடற்கூற்றியலில் முனைவர் பட்டம். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

இனி உங்கள் இரண்டாம் பாதி. படித்தவர்களைப் பற்றிய உங்கள் சந்தேகத்தை நான் முழுவதும் மறுக்கமாட்டேன்; ஆனால் வங்காரி மண்ணைக் கற்றது கல்லூரியில் அன்று. வீட்டுக்கு அருகில் ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. விறகு பொறுக்கப் போகும் சிறுமியிடம், அந்த மரத்திலிருந்து ஒரு குச்சியைக்கூட எடுக்காதே, அது கடவுளின் மரம் என்று தாய் சொல்லியனுப்புவார். மரத்தடியை ஒட்டி ஓர் ஊற்று பொங்கி ஓடையாக ஓடியது. அந்த ஓடையில் கறுப்பும் வெள்ளையுமாக மிதந்த தவளை முட்டைகளைப் பாசிமணி என்று எண்ணிக் கழுத்தில் கோத்துக்கொள்ள முயன்றதையும், பிறகு அவை தலைப்பிரட்டைகளாகி நெளிந்ததையும், ஆஸ்லோ நகரில் பரிசு வாங்கிப் பேசிய மேடையில் அவர் சொன்னார். படித்துத் திரும்பியபோது அத்தி வெட்டப்பட்டிருந்தது, ஓடையும் இல்லை. அத்தியின் வேர் பாறைப்பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கி நிலத்தடி நீர் மேலே வர வழி செய்கிறது, சரிவில் மண்ணையும் பிடித்துவைக்கிறது என்னும் அறிவியல் விளக்கம் அவருக்குப் பிறகுதான் கிடைத்தது. தாய் அதைச் சாமி என்று சொன்னார், மகள் நீரியல் என்று சொன்னார். இருவரும் காத்தது ஒரே மரத்தை.

ஆலும் அரசும் அத்தியின் இனத்தைச் சேர்ந்தவைதான். காடு வெட்டித் தோட்டம் திறந்தபோது நம் முன்னோர் முனியாண்டிக்கென்று ஒரு மரத்தை விட்டுவைத்ததை நினைத்துப் பாருங்கள். நம் ஊரின் பெயரே ஆற்றின் பெயர்தான்: மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஓடையில் நத்தை பொறுக்கியிருக்கிறேன். இன்று அந்த இடத்தில், மழை பெய்தால் மட்டும் செந்நீர் ஓடும் ஒரு வாய்க்கால் இருக்கிறது.

கேள்வி: அவருடைய பெயரில் 'மா தாய்' என்று தமிழ் ஒலிக்கிறதே, பண்டைத் தமிழருக்கும் கென்யாவுக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், பீடோர்)

பதில்: இல்லை. அது கிகூயூப் பெயர். ஆயினும் அதன் நீட்டலுக்கு ஒரு கதை உண்டு. கணவருடைய குடும்பப் பெயரில் ஓர் 'அ'கரம் குறைவு. 1979ஆம் ஆண்டில் மணமுறிவு ஏற்பட்டபோது, தம் பெயரை இனிப் பயன்படுத்தக்கூடாது என்று கணவர் கூறினார். இவர் அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டித் தமதாக்கிக்கொண்டார். அந்த மணமுறிவு வழக்கைப் பற்றிப் பின்னர் பேட்டியில் நீதிபதியைக் குறை கூறியதற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று சில நாள் சிறையிலும் இருந்தார். சிறை அவருக்குப் புதிதாக அறிமுகமானது அங்கேதான்.

கேள்வி: ஜூன் 5ஆம் நாள் சுற்றுச்சூழல் தினத்துக்காக மாணவர்களிடம் அவரைப் பற்றிப் பேசினேன். 'மரம் நட்டதற்கு மரப்பரிசு அல்லவா தரவேண்டும், அமைதிப் பரிசு ஏன்?' என்று நான்காம் ஆண்டு மாணவி கேட்டாள். என்ன சொல்வது? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, 2004 அக்டோபரில் பரிசு அறிவிக்கப்பட்டபோது உலகின் பெரிய செய்தித்தாள்களிலும் பலர் இதையே கேட்டார்கள், ஆகவே அந்த மாணவியைப் பாராட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வங்காரி கென்ய மகளிர் தேசிய மன்றத்தில் பணியாற்றினார். நாட்டுப்புறப் பெண்கள் அங்கே வந்து சொன்ன குறைகள் நான்கு: விறகுக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது, குடிநீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவு இல்லை, கையில் காசு இல்லை. கேட்பவருக்கு அவை நான்கு குறைகளாகத் தெரியும். மலைச்சரிவிலிருந்த காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் பயிரிட்டதில் மண் அரித்துப்போய், ஊற்றுகள் வற்றி, விறகு அருகிப்போய், விறகு அருகியதால் விரைவில் வேகும் வெள்ளை மாவும் ரொட்டியும் சமையலில் புகுந்து, அதனால் பிள்ளைகள் இளைத்தார்கள் என்று அவர் ஒரே சங்கிலியாகக் கோத்துப் பார்த்தார். அவருடைய விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: மரம் நடுவோம்.

1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு கன்றுகளோடு தொடங்கிய அந்த முயற்சிதான் பசுமை வளைய இயக்கம். அந்த ஏழில் பல பிழைக்கவில்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். பிழைக்காமற்போனதிலிருந்துதான் இயக்கம் முறையைக் கற்றுக்கொண்டது. பட்டயம் பெற்ற வனத்துறை அலுவலர்கள் ஊர்ப்பெண்களுக்கு வகுப்பெடுத்தபோது, மண்ணின் சரிவு, விதையின் ஆழம், கருவிகள் என்று பேச்சு நீண்டதே தவிர வேலை நகரவில்லை. உழவுப் பெண்களுக்கு விதைக்கத் தெரியாதா என்ன, உங்கள் பெண்புத்தியை நம்புங்கள் என்று வங்காரி சொல்லிவிட்டார். 'பெண்புத்தி பின்புத்தி' என்று பழமொழி வைத்திருக்கும் நாம் இதைச் சற்று நின்று கேட்கலாம். அந்தப் பெண்கள் அருகிலிருந்த காட்டில் விதை பொறுக்கினார்கள். உடைந்த பானைகளில் மண் நிரப்பி நாற்று வளர்த்தார்கள். கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் பானைகளைத் தூக்கி வைத்தார்கள். நட்ட கன்று வேர்பிடித்துப் பிழைத்தது என்று உறுதியான பிறகே ஒரு கன்றுக்கு ஏறத்தாழ நான்கு அமெரிக்கக் காசு கொடுக்கப்பட்டது. சிறு தொகைதான். ஆனால் அதுவரை கையில் சொந்தக் காசைப் பார்த்திராத பெண்ணுக்கு அது சம்பளம். 2004ஆம் ஆண்டுக்குள் இயக்கத்தின் பெண்கள் நட்ட மரங்கள் மூன்று கோடியைத் தாண்டியிருந்தன.

இனி அமைதிக்கு வருகிறேன். தண்ணீரும் மேய்ச்சலும் விளைநிலமும் குறையக் குறைய, அவற்றுக்காக மனிதர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வார்கள். அரசியல்வாதி அந்த மோதலுக்கு இனத்தின் பெயரைச் சூட்டிவிடுவார். 1992ஆம் ஆண்டை ஒட்டி ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இனக் கலவரம் மூண்டு வீடுகள் எரிந்தபோது, வங்காரி அங்கே போய், மோதிக்கொண்ட இரு தரப்பையும் நாற்றங்கால் போடவும் 'அமைதி மரம்' நடவும் அழைத்தார். கலவரம் மூண்ட இடத்தில் மண்ணைக் கிளறிக் கன்று வைப்பது சடங்கு போலத் தோன்றலாம்; ஆனால் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று இருவரும் பேசித்தானே ஆகவேண்டும்? ஆப்பிரிக்கரின் பழைய முக்காலியை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்: ஒரு கால் மக்களாட்சி, ஒரு கால் இயற்கை வளத்தை நியாயமாகப் பேணிப் பகிர்வது, ஒரு கால் அமைதி. எந்தக் காலை அறுத்தாலும் உட்கார்ந்திருப்பவர் விழுவார். மாணவிக்கு நாற்காலியைக் காட்டாமல், தோட்டத்து வீடுகளில் பால் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியை வரைந்து காட்டுங்கள், புரிந்துவிடும்.

அக்டோபர் 8ஆம் நாள் நியேரிக்குப் போகும் வழியில் பரிசுச் செய்தி அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்த ஒரு விடுதியின் வளாகத்தில், கென்யா மலையைப் பார்த்தபடி மண்ணில் முழங்காலிட்டு, ஒரு நந்தி ஃபிளேம் மரக்கன்றை நட்டார். அமைதிக்கான நோபெல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அன்று செய்த கொண்டாட்டம் அது.

கேள்வி: மரம் நடுவதை எந்த அரசாங்கம் எதிர்க்கும்? அவரைப் போலீசார் அடித்தார்கள் என்று படித்தேன், நம்ப முடியவில்லை. (கல்லூரி மாணவர், ஈப்போ)

பதில்: தம்பி, மரம் நடுவதை யாரும் எதிர்க்கமாட்டார்கள், மரம் நிற்கும் நிலம் யாருடையது என்று கேட்டால்தான் எதிர்ப்பார்கள். வங்காரி அதைக் கேட்டார்.

1989ஆம் ஆண்டில் நைரோபி நகரின் நடுவிலுள்ள உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் ஒன்றையும் அதிபர் டேனியல் அராப் மோயின் பெரிய சிலை ஒன்றையும் எழுப்ப ஆளுங்கட்சி திட்டமிட்டது. உஹுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. காசில்லாத மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு வந்து உட்காரும் புல்வெளி அது. வங்காரி கடிதம் எழுதத் தொடங்கினார். அமைச்சகங்களுக்கும், ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கும், முதலீடு செய்யவிருந்த வெளிநாட்டாரின் தூதரகங்களுக்கும் எழுதி, இலண்டன் ஹைட் பூங்காவில் இப்படி ஒரு கோபுரம் கட்ட விடுவீர்களா என்று கேட்டார். நாடாளுமன்றத்தில் அவரைக் கேலி செய்து பேசினார்கள். மணமுறிவு பெற்றவள் என்றார்கள். ஆப்பிரிக்க மரபுப்படி ஒழுங்கான பெண் ஆண்களை மதித்து அடக்கமாக இருக்கவேண்டும் என்று அதிபரே உபதேசித்தார். இயக்கத்தை அரசுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றினார்கள்; அவர் அலுவலகத்தைத் தம் சிறிய வீட்டுக்குள் மாற்றிக்கொண்டார். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்வாங்கவே கோபுரம் எழவில்லை. பூங்கா இன்றும் பூங்காவாகவே இருக்கிறது.

நீங்கள் படித்த அடிதடி நடந்தது 1992ஆம் ஆண்டில். அரசியல் கைதிகளின் தாய்மார்கள் மகன்களை விடுவிக்கக் கோரி அதே பூங்காவின் ஒரு மூலையில் பிப்ரவரி இறுதியில் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். வங்காரியும் அவர்களோடு உட்கார்ந்தார். மார்ச் 3 அன்று போலீசார் கண்ணீர்ப்புகையோடும் தடியோடும் வந்தார்கள். வயதான தாய்மார்கள் சிலர் தம் ஆடையைக் களைந்து அவர்கள்முன் நின்றார்கள். தாய் வயதுப் பெண்ணை அந்த நிலையில் பார்க்க நேரும் ஆணுக்கு அது தீராத சாபம் என்பது அந்த நாட்டு நம்பிக்கை; நம் ஊரில் வயிறெரிந்த கிழவி மண்ணை வாரித் தூற்றுவதற்கு இணையானது, அதைவிடக் கொடியது. வங்காரி நினைவிழக்கும்வரை அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். தாய்மார்கள் ஒரு பேராலயத்துக்குள் தஞ்சம் புகுந்து, ஏறத்தாழ ஓராண்டு அங்கிருந்தே போராடினார்கள். மகன்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். அந்த இடத்தை இன்றும் விடுதலை மூலை என்றே அழைக்கிறார்கள்.

அது போதாதென்று கரூரா. நைரோபியின் வடக்கே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்தக் காட்டைத் துண்டு துண்டாக வேண்டியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1999 ஜனவரி 8 அன்று கன்றும் தண்ணீர்க்குடமுமாகப் போனவர்களைக் கூலிக் காவலாளிகள் தாக்கினார்கள். தலையில் வெட்டுக்காயத்தோடு காவல்நிலையம் சென்ற வங்காரி, புகார்த்தாளில் தம் இரத்தத்தாலேயே ஒப்பமிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுநிலங்களைத் தனியாருக்குக் கொடுப்பதை நிறுத்துவதாக அதிபர் அறிவித்தார். இன்று கரூராவில் நைரோபி மக்கள் காலை நடைப்பயிற்சி செய்கிறார்கள். 2002ஆம் ஆண்டுத் தேர்தலில் வங்காரி தெட்டு தொகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாக்கு பெற்று நாடாளுமன்றம் சென்று, துணை அமைச்சரும் ஆனார். அமைச்சராக அவர் செய்ததைவிட, அமைச்சராகுமுன் செய்ததே பெரியது என்பது என் கணிப்பு.

கேள்வி: நாங்களும் மூன்று தலைமுறையாக மரம் நட்டோம். தாத்தா ரப்பர் நட்டார், அப்பா அதை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார், நான் அதற்கு உரம் போட்டேன். தோட்டம் விற்கப்பட்டபோது நட்ட மரம் எங்களுடையதில்லை, குடியிருந்த வீடும் எங்களுடையதில்லை. எங்களுக்கு இந்த அம்மையாரின் கதையில் என்ன இருக்கிறது? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன், அம்மா. மற்றக் கேள்விகளுக்கு விடை எழுதுவது எளிது, இதற்கு அப்படியில்லை.

நீங்கள் நட்டவை மரங்கள்தாம். ஆனால் வங்காரி மரம் என்று சொன்னதும் அதுவும் ஒன்றில்லை. ஆங்கிலேயர் கென்யாவில் யூக்கலிப்டஸ், பிளாக் வாட்டில், பைன் என்று அயல்மரங்களை வரிசைபோட்டு நட்டார்கள். அவை விரைவாக வளர்ந்தன, காசானன, ஆனால் அவற்றின் அடியில் அத்தியின் ஊற்று பிறக்கவில்லை. காட்டுக்குள் இத்தகைய வணிகப் பயிர்க்காடு போடுவதைக் கடைசிவரை எதிர்த்தவர் வங்காரி. நம் நிலைமையும் அதே கிளையில் பூத்ததுதான். ரப்பர் அமேசான் காட்டு மரம். 1877ஆம் ஆண்டில் நம் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் முதுமரமாக நிற்பதைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். செம்பனையோ வங்காரியின் கண்டத்திலிருந்து, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, வந்தது. 1917ஆம் ஆண்டில் அதை முதன்முதலாக வணிகத்துக்காகப் பயிரிட்ட சிலாங்கூர்த் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரில் மட்டும் தமிழரின் கைரேகை மிஞ்சிய இடங்களில் அதுவும் ஒன்று.

நெருக்கடிக் காலத்திலும் இரு நாடுகளும் ஒரே பாயில் படுத்தவைதான். 1948 ஜூனில் நம் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மக்களை முள்கம்பிக்குள் அடைத்த புதுக்கிராமங்கள் எழுந்தன. 1952ஆம் ஆண்டில் கென்யாவில் அவசரகாலம் வந்தபோது, மலாயாவில் பழகிய அதே முறையை அங்கே கிகூயூ மக்கள்மீது பயன்படுத்தினார்கள். வங்காரி விடுதிப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவருடைய தாயும் அப்படிப்பட்ட அடைப்புக் கிராமம் ஒன்றில்தான் இருந்தார். உங்கள் பாட்டி வேலிக்குள் அரிசி அளந்து வாங்கிய கதையும் அந்தத் தாயின் கதையும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை.

ஆனால் 'எங்களுடையதில்லை' என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் வங்காரி வேறு வழியில் போகிறார். சொந்த நிலம் இல்லாதவனுக்கு இருக்கும் ஒரே நிலம் பொதுநிலம். பூங்கா, ஆற்றங்கரை, காடு, பள்ளித்திடல், கோயில் வளாகம் ஆகியவை போய்விட்டால் பணக்காரனுக்கு நட்டமில்லை. அவனுக்கு வீட்டுக்குள்ளேயே தோட்டம் உண்டு. உஹுருவுக்காகவும் கரூராவுக்காகவும் அவர் அடிபட்டது அதனால்தான். நம்மிடமும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் வீதிக்கு வந்த நாளில், இதே சுங்கை சிப்புட்டின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடமே சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பால்வெட்டுக் காசு சேர்ந்து நிலமான கதை அது. கென்யப் பெண்களின் நான்கு காசும் நம்மவரின் பங்குப்பணமும் ஒரே வகைக் கணக்கு.

உங்கள் இழப்பை இது ஈடு செய்யாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: தோட்டம் போனபின் உங்கள் கோயில் மரம் நிற்கிறதா? நின்றால், அந்த இடத்துக்கு யார் பெயரில் பத்திரம் இருக்கிறது என்று கோயில் குழுவினரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எய்ட்ஸ் நோயை வெள்ளையர் உருவாக்கினார்கள் என்று அவர் பேசியதாக இணையத்தில் வருகிறது. நீங்கள் அதை மறைப்பீர்களா? (வாசகர், தைப்பிங்)

பதில்: மறைக்கமாட்டேன். 2004ஆம் ஆண்டில் அப்படி ஒரு பேச்சு செய்தித்தாளில் வெளிவந்தது. பரிசு அறிவிப்புக்குப் பின் அது பெரிய சர்ச்சையானது. ஆப்பிரிக்கரை அழிக்க வெள்ளையர் அந்தக் கிருமியை உருவாக்கினர் என்று தாம் சொல்லவும் இல்லை, நம்பவும் இல்லை என்று அவர் எழுத்துப்பூர்வமாக அறிக்கை விட்டார். உயிரியல் படித்தவர் வாய் தவறிக்கூட அப்படிப் பொருள்படப் பேசியிருக்கக்கூடாது என்பது என் கருத்து. படத்தைச் சுவரில் வரைந்தோம் என்பதற்காக ஒருவரைச் சாமியாக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் அம்மா இருபது ஆண்டுகள் தோட்டத்தில் புல்மருந்து அடித்தவர். நம் நாட்டில் வங்காரியைப் போல் யாரும் இல்லையா? (வாசகி, சுங்கை பட்டாணி)

பதில்: உங்கள் ஊரிலேயே பிறந்தவர் ஒருவர் இருந்தார்: ஐரீன் ஃபெர்னாண்டஸ். 1991ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, முதுகில் மருந்துத்தோம்பைச் சுமந்த தோட்டப் பெண்களின் நகம் கழன்றதையும் மூக்கில் இரத்தம் வடிந்ததையும் பதிவு செய்து, அது தலைவிதி அன்று, நஞ்சு என்று உரக்கச் சொன்னது. அயல்நாட்டுத் தொழிலாளரின் தடுப்புமுகாம் நிலையை வெளியிட்டதற்காக அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்து, 2008ஆம் ஆண்டில்தான் விடுதலையில் முடிந்தது. வங்காரிக்கு 1984ஆம் ஆண்டில் கிடைத்த சுவீடனின் 'சரியான வாழ்வு' விருது, ஐரீனுக்கு 2005ஆம் ஆண்டில் கிடைத்தது. 2014ஆம் ஆண்டில் அவர் காலமானார். அந்தப் பெண்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பேராகுவாட், 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அவரைப் புதைத்தார்களா, எரித்தார்களா? எரிக்க விறகு வேண்டுமே! (குறும்புக்கார வாசகர், கம்பார்)

பதில்: குறும்பிலும் பொருள் இருக்கிறது. 2011 செப்டம்பர் 25 அன்று சூலகப் புற்றுநோயால் நைரோபியில் காலமான வங்காரி, தமக்காக ஒரு மரத்தையும் வெட்டிப் பெட்டி செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே மூங்கிலும் கோரையும் ஆகாயத்தாமரைத் தண்டும் கொண்டு பெட்டி முடைந்தார்கள். நம் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த குட்டைகளை மூடிக்கிடக்கும் அதே ஆகாயத்தாமரைதான். அவர் அடிபட்ட உஹுரு பூங்காவிலேயே அரசு மரியாதை நடந்தது, பிறகு எரியூட்டினார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் நூறு கன்றுகள் நட ஏற்பாடு செய்திருக்கிறோம். சிறப்பு விருந்தினர் வருகிறார். ஆலோசனை சொல்லுங்கள். (முன்னர் எழுதிய அதே ஆசிரியை)

பதில்: நூறு வேண்டாம், அம்மா. பன்னிரண்டு போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திடலில் இருநூறு கன்றுகள் நடும் விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பதாகை இருந்தது, பந்தல் இருந்தது, விருந்தினருக்குப் புத்தம்புதிய மண்வெட்டியும் இருந்தது. மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது, கிழிக்காமலேயே மண்ணில் இறக்கிய பிளாஸ்டிக் பைகள்தாம் மழையில் மேலே வந்து கிடந்தன.

கடையில் அழகுச்செடி வாங்காமல், பிள்ளைகளையே விதை கொண்டுவரச் சொல்லுங்கள். ரம்புத்தான், பெத்தாய், நாவல், பலா ஆகிய எதுவும் நம் மண்ணில் வரும்; வாய்க்கால் ஓரத்துக்கு மூங்கில் நல்லது. ஆலும் அரசும் கட்டடத்துக்கு அருகில் வேண்டாம், சுவரைப் பிளந்துவிடும். உடைந்த வாளியிலோ பழைய பால்மாவு டின்னிலோ நாற்றுப் போட்டு, கோழி எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு கன்றுக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. இயன்றால் வேறு வேறு வகுப்பிலிருந்து, ஒருவர் பள்ளியை விட்டுப் போனாலும் மற்றவர் இருக்கும்படி. விருந்தினர் நடும் கன்றுக்கும் அதே விதி.

படம் எடுத்து இப்போது அனுப்பவேண்டாம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். இரண்டே என்றாலும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.